உம்மும்மாவின் அறைத் தோட்டம்

எங்கள் வீடு கொழும்பில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. முற்றம் என்று ஒன்று இல்லை. பல்கனி என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் உண்டு. உடுப்புக் காயப்போடும் கயிறுகளும் தண்ணீர் வாளிகளும் போக அதில் ஒரு கதிரை வைக்கவும் இடமிராது. இப்படிப்பட்ட வீட்டுக்குள் தக்காளியும் கறிமிளகாயும் வளர்த்தோம் என்று வகுப்பில் சொன்னபோது பலர் நம்பவில்லை. எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டார்கள். ரிஜிபோம் பெட்டி, பசளைக் கரைசல், மின்விளக்கு என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தேன். ஏன் வளர்த்தீர்கள் என்று எவரும் கேட்கவில்லை. அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

உம்மாவின் வாப்பாவை நாங்கள் அப்பா என்று அழைப்போம். அவர் வெலிமடைக்கு அருகில் குருத்தலாவையில் நாற்பது வருடங்களுக்கு மேல் மரக்கறித் தோட்டம் செய்தவர். உருளைக்கிழங்கு, போஞ்சி, தக்காளி, கறிமிளகாய் என்று மாற்றி மாற்றிப் பயிரிடுவார். அந்தத் தோட்டத்தில் உம்மும்மாவின் உழைப்பும் சரிபாதி. 2021 ஆம் ஆண்டு இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. அந்தத் தடை அதே வருடம் நவம்பரில் நீக்கப்பட்டாலும், அதற்குள் அப்பாவின் ஒரு போகம் கைவிட்டுப் போயிருந்தது. அடுத்த வருடம் எல்லாப் பொருளும் விலை ஏறியது. அதன்பின் அவரது இருதய நோயும் கூடியது. காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, கிளினிக்குக்குப் போய்வர வசதி என்று இருவரும் எங்களோடு கொழும்புக்கு வந்துவிட்டார்கள்.

வந்த சில மாதங்களில் ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, பழைய கலண்டர் தாளில் மடித்த ஒரு சரையைத் தந்தார். உள்ளே கறிமிளகாய் விதைகள். அவரே தன் தோட்டத்தில் பழுக்கவிட்டு எடுத்தவை.

“ஒரு டின்னுல போட்டுப் பாரு மகள். பல்கனியில வெயில் வருதுதானே” என்றார்.

“பரீட்சை முடியட்டும் அப்பா” என்றேன்.

பரீட்சை முடிந்தது. அடுத்த தவணைப் பரீட்சையும் முடிந்தது. சரை என் மேசை லாச்சியில் கிடந்தது. அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை. ஸபர் மாதம் பிறை 3 அன்று, சுபஹ் தொழுகைக்குப் பின் அப்பா மௌத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

உம்மும்மா எங்கள் வீட்டிலேயே இத்தா இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும். என் அறைதான் அவருக்கு ஒழுங்குசெய்யப்பட்டது. அந்த அறைக்கு ஒரேயொரு ஜன்னல். அதற்கு நேரெதிரே அடுத்த தொடர்மாடியின் ஜன்னல்கள். ஆகவே திரை எப்போதும் மூடியே இருந்தது. குர்ஆன் ஓதுவார், தஸ்பீஹ் செய்வார், மற்ற நேரமெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். விடிந்ததும் ஒரே கேள்வி: “குருத்தலாவையில மழையாமா?” உம்மா சாச்சிக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுச் சொல்வார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. சோறும் பாதி மிஞ்சும்.

விடியுமுன் எழுந்து தோட்டத்துக்குப் போய்ப் பழகிய ஒருவர், நாள் முழுதும் ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பதை அருகிலிருந்து பார்ப்பது கஷ்டமாக இருந்தது. அந்த நாட்களில்தான் உயிரியல் பாடத்தில் தாவரங்களின் கனியுப்புப் போசணை நடந்தது. 1860களில் ஜேர்மன் விஞ்ஞானிகளான சாக்ஸும் நொப்பும், மண்ணே இல்லாமல் உப்புகள் கரைந்த நீரில் தாவரங்களை வளர்த்துக் காட்டியதை ஆசிரியை சொன்னார். தாவரத்துக்குத் தேவை மண் அல்ல. மண்ணிலிருந்து கிடைக்கும் நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம், கல்சியம், மக்னீசியம் போன்ற மூலகங்களும், வேருக்கு ஒட்சிசனும், பிடித்து நிற்க ஓர் ஆதாரமும்தான். கலிபோர்னியாவில் கெரிக் என்பவர் இம்முறையில் தக்காளிக் கொடிகளை 25 அடி உயரம்வரை வளர்த்தார் என்றும், 1937 இல் இதற்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்ற பெயர் வழக்குக்கு வந்தது என்றும் படித்தேன். கிரேக்க மொழியில் ஹைட்ரோ என்றால் நீர், போனோஸ் என்றால் உழைப்பு.

அன்றிரவே லாச்சியைத் திறந்தேன். சரை அப்படியே இருந்தது.

முதலில் வாப்பாவிடம் சொன்னேன். இத்தாவில் இருப்பவர் இதெல்லாம் செய்யலாமா என்ற யோசனை அவருக்கு. பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கேட்டுவிட்டு வந்தார். அலங்காரமும் வாசனையும் தேவையின்றி வெளியே போவதும்தான் தவிர்க்க வேண்டியவை, வீட்டுக்குள் இருந்து வேலை செய்வதற்குத் தடை எதுவும் இல்லை, மனதுக்கு ஆறுதல் என்றால் நல்லதுதான் என்று அவர் சொன்னாராம்.

உம்மும்மாவிடம் சொன்னபோது அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“மண்ணில்லாம பயிரா? வேர் எதப் புடிக்கும் மகள்? அதுல பரக்கத் இரிக்குமா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. “பாப்பம் உம்மும்மா” என்றேன்.

மீன்கடையிலிருந்து நானா இரண்டு ரிஜிபோம் பெட்டிகள் கொண்டுவந்தார். நன்றாகக் கழுவி, உள்ளே கறுப்புப் பொலித்தீன் விரித்தோம். வெளிச்சம் பட்டால் கரைசலில் பாசி பிடிக்கும் என்பதற்காகவே கறுப்பு. மூடியில் துளைகள் வெட்டி, அடியிலும் பக்கங்களிலும் ஓட்டை போட்ட யோகட் கோப்பைகளைப் பொருத்தினோம். கோப்பைக்குள் தும்புச்சோறு. எமது நாட்டின் தும்புச்சோறு வெளிநாட்டுப் பசுமை இல்லங்களுக்குக் கப்பலேறிப் போகிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். அதில் உப்பு இருக்கும் என்பதால் மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்தோம். பசளைக்கு அல்பர்ட் கரைசல். தூளாகப் பொதியில் கிடைக்கும், தண்ணீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். குழாய்த் தண்ணீரை ஒருநாள் திறந்து வைத்து, அதன் பி.எச். பெறுமானம் 6 க்குக் கிட்ட வரும்வரை தேசிக்காய்ச் சாறு சொட்டுச் சொட்டாக விட்டேன். பி.எச். தாளை ஆசிரியை தந்திருந்தார்.

பம்பு எதுவும் வைக்கவில்லை. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் காட்டிய முறை அது. தாவரம் குடிக்கக் குடிக்கத் தண்ணீர் கீழே இறங்கும். மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் உண்டாகும் வெளியில் மேல்வேர்கள் சுவாசிக்கும், கீழ்வேர்கள் கரைசலைக் குடிக்கும். திரும்பத் தண்ணீர் விடும்போது மேல்வேர்கள் மூழ்கும்வரை நிரப்பிவிடக் கூடாது. நிரப்பினால் மூச்சடைத்துவிடும்.

அப்பாவின் சரையில் 11 விதைகள் இருந்தன. கடையில் வாங்கிய ‘திலின’ இனத் தக்காளி விதைகள் ஆறாம் நாளே முளைத்தன. கறிமிளகாய் பத்து நாளாகியும் அசையவில்லை. தினமும் பாடசாலை விட்டு வந்ததும் கோப்பைகளைத்தான் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் ஒன்று, அடுத்தடுத்த நாட்களில் இன்னும் இரண்டு. அவ்வளவுதான். மற்ற எட்டும் முளைக்கவேயில்லை. மிளகாய் விதைகள் நாள் செல்லச் செல்ல முளைதிறனை இழக்கும் என்று வாசித்தபோது, அவை என் லாச்சியில் கிடந்த மாதங்களை எண்ணிப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு தக்காளிக் கன்றுகள் ஒரு பெட்டியில், மூன்று கறிமிளகாய்க் கன்றுகள் மற்றதில். மேலே 20 வாற்று எல்.ஈ.டி. குழல்விளக்குகள் இரண்டு. சில நாட்களில் கன்றுகள் நூல்போல் நீண்டு சாய்ந்தன. உம்மும்மா தஸ்பீஹை மடியில் வைத்துவிட்டு முதல்முறையாகத் தானாகவே வாய் திறந்தார்.

“கன்று வெளிச்சத்த தேடி ஓடுது. விளக்க எறக்கு.”

விளக்கைக் கிட்டத்தில் இறக்கினேன். இன்னும் இரண்டு விளக்குகளைச் சேர்த்தோம். திரையின் மேல்பாகத்தை மடித்துத் தைத்து, எவர் கண்ணும் எட்டாத உயரத்தில் ஒரு முழம் வானம் தெரியவிட்டார் உம்மா. காலையில் அந்த வழியாக ஒரு துண்டு வெயில் வந்து பெட்டிமேல் விழும். நாளுக்கு 14 மணித்தியாலம் நான்கு விளக்கு எரிந்தால் மாதத்துக்குக் கிட்டத்தட்ட 34 யுனிட் என்று கணக்குப் பார்த்து வாப்பாவிடம் பயந்து பயந்து காட்டினேன். “மாமி வாய் தொறந்து பேசுறாங்கதானே. எரியட்டும்” என்றார்.

அதன்பின் பிழை விட்டது நான்தான். கன்றுகள் சீக்கிரம் பெருக்க வேண்டும் என்ற ஆசையில் பசளைத்தூளை இரட்டிப்பாகக் கரைத்து ஊற்றினேன். இரண்டாம் நாள் இலை நுனிகள் கருகின. மூன்றாம் நாள் பெரிய தக்காளிக் கன்று பச்சையாகவே வாடித் தலைதொங்கியது. காலடியில் பெட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போதே அது வாடியது. நான் அழாத குறை.

உம்மும்மா எழுந்து வந்து கன்றைப் பார்த்தார். கத்தியைக் கேட்டார். அடித்தண்டைக் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடிக் கிளாஸில் தண்ணீர் எடுத்து, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம் போல் இருக்கும். நானும் பார்த்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் தெளிவாகவே இருந்தது.

“பால் வடியல்ல. மண் நோய் இல்ல இது. என்னத்த ஊத்தின?”

சொன்னேன்.

“பசள கூடினா பயிர எரிச்சிடும். அத மண்ணுலயும் அப்பிடித்தான் சொல்லுவாங்க” என்றார்.

பக்ரீரியா வாடல் நோய் வந்த தக்காளித் தண்டை வெட்டி நீரில் வைத்தால், பால்போல் ஒரு வெண்ணிற இழை வடியும். அதை உம்மும்மா எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நானோ நீரழுத்தத்தைப் படித்து, கணக்கும் செய்து புள்ளியும் வாங்கியவள். வெளியே உப்புச் செறிவு கூடினால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது என்று எழுதத் தெரிந்த எனக்கு, என் கையாலேயே அதைச் செய்தபோது விளங்கவில்லை.

கரைசலை ஊற்றிவிட்டு, இரண்டு நாள் வெறும் தண்ணீரில் வைத்தோம். மற்ற நான்கு கன்றுகளும் தேறின.

அன்று மஃரிபுக்குப் பிறகு உம்மும்மா பேசினார். சாச்சி கைக்குழந்தையாக இருந்த காலம். அரை ஏக்கர் தக்காளி, பூவும் பிஞ்சுமாக நின்றதாம். ஒரு காலையில் நாலைந்து செடிகள் தலைதொங்கின. அப்பா தண்டை வெட்டிக் கிளாஸில் பிடித்தார். பால் வடிந்தது. ஒரு கிழமைக்குள் தோட்டம் முழுக்கப் போய்விட்டது. எல்லாவற்றையும் பிடுங்கி எரித்தார்கள். அந்த வயலில் பல வருடங்கள் தக்காளி போடவேயில்லை.

“அண்டைக்கி அவர் சாப்பிடல்ல. நானும் சாப்பிடல்ல. அடுத்த நாள் காலையில மம்பட்டிய எடுத்துக்கொண்டு, போஞ்சி போடுவம் எண்டு சொன்னாரு” என்றார்.

சொல்லி முடித்ததும் அழுதார். ஜனாஸா போன நாளிலும் அவர் சத்தமாக அழுததை நான் கேட்டதில்லை. உம்மா ஓடி வந்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. விதைச் சரையைப் பற்றி அப்போதுதான் சொன்னேன். அப்பா கேட்டதையும், நான் தள்ளிப்போட்டதையும், எட்டு விதைகள் முளைக்காமல் போனதையும்.

உம்மும்மா முக்காட்டு முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பரீட்சைக்குப் படிக்கிற புள்ளட்ட விதையக் குடுத்தது அவர்ட பிழ. மூணு முளைச்சிருக்குதானே. அதப் பாரு” என்றார்.

அந்த இரவு அவர் சோற்றை மிச்சம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தத் தோட்டம் என் கையில் இருக்கவில்லை. ஓர் ஈர்க்கில் அடையாளமிட்டு, காலையும் மாலையும் பெட்டியில் விட்டுத் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது உம்மும்மாவின் வேலையானது. பிஸ்மி சொல்லித்தான் தண்ணீர் விடுவார். கொடியைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார், பக்கக் கிளைகளைக் கிள்ளினார். நான் பாடசாலையால் வந்ததும், “ஒண்டரைப் போத்தல் குடிச்சிரிக்கி” என்று ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்வார்.

தக்காளி பூத்தது. பூக்கள் காய் பிடிக்காமல் உதிர்ந்தன. தக்காளிப் பூ தன்மகரந்தச் சேர்க்கை செய்யக்கூடியது. ஆனாலும் மகரந்தம் உதிர, பூ அதிர வேண்டும். வெளியே காற்றும் தேனீயும் அந்த வேலையைச் செய்யும். மூடிய அறையில் இரண்டும் இல்லை. அதோடு இரவு வெப்பம் கூடினாலும் தக்காளி காய் பிடிக்காது. குருத்தலாவையின் குளிர் இரவு கொழும்பில் ஏது? இரவில் மின்விசிறியைப் போட்டோம். பூவை அதிரவைக்க மின்சாரப் பல்துலக்கி பாவிக்கிறார்கள் என்று நான் சொன்னதும் உம்மும்மா சிரித்துவிட்டார். மிஸ்வாக் போட்டுப் பழகியவருக்கு அது பகிடியாகத்தான் இருந்திருக்கும். “அதுக்கு மிஷின் எதுக்கு?” என்று, ளுஹா தொழுதுவிட்டு ஒவ்வொரு பூங்கொத்தின் காம்பையும் விரலால் மெதுவாகச் சுண்டுவார். தேனீயின் வேலையை ஒவ்வொரு நாளும் தவறாமல் செய்தார். பத்து நாட்களில் முதல் பிஞ்சைக் காட்ட என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

முதல் காயின் அடி கறுத்தது. காய்க்குக் கல்சியம் போய்ச் சேராததால் வருவது அது. பெட்டியில் நீர் மிகவும் இறங்கும்வரை விட்டதுதான் காரணம் என்று பிடித்துக்கொண்டோம். அதன்பின் உம்மும்மாவின் ஈர்க்கு அடையாளம் ஒருபோதும் தவறவில்லை.

ஜமாதுல் ஆகிர் பிறை 13 அன்று இத்தா முடிந்தது. அதற்குள் ஏழு தக்காளிப் பழங்களும் நான்கு கறிமிளகாய்களும் கிடைத்திருந்தன. நான்கு மாதத்துக்கு, நான்கு விளக்குக்கு இது பெரிய விளைச்சல் இல்லை. சந்தையில் வாங்கியிருந்தால் மிகக் குறைந்த காசு போயிருக்கும். கறிமிளகாயைக் கீறி மாசி வைத்துப் பொரித்தோம். தக்காளியில் சம்பல். எல்லோரும் சுற்றியிருந்து சாப்பிட்டோம்.

“எப்பிடி உம்மும்மா?” என்று கேட்டேன்.

மென்று பார்த்துவிட்டு நேர்மையாகச் சொன்னார்: “கறிமிளகா நல்லம். தக்காளி கொழும்புத் தக்காளிதான். எங்கட மண்ணுல காய்ச்சதுட ருசி வராது.”

பரக்கத் இருக்குமா என்று அவர் அன்று கேட்டதை நான் ஞாபகப்படுத்தவில்லை. நீருக்கு உழைப்பு என்று கிரேக்கர்களின் சொல்லில் இருந்து பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் அறையில் அந்த உழைப்பை யார் செய்தார் என்று எனக்குத் தெரியும். அந்தக் கன்றுகளை நான் வளர்த்தேன் என்று வகுப்பில் சொன்னதும் சரியில்லை. நான் பெட்டி செய்தேன், ஒரு கன்றை எரித்தேன். வளர்த்தவர் உம்மும்மா.

ஒரு கறிமிளகாயை மட்டும் அவர் பறிக்க விடவில்லை. அது மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, மூன்று கிழமைக்குப் பிறகு நன்றாகச் சிவந்தது. கீறி விதையை எடுத்துத் தாளில் பரப்பி நிழலில் உலர்த்தினார். சாச்சி வீட்டுக்குப் பயணமாகும்போது பாதியைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். குத்தகை முடிய இன்னும் காலம் இருக்கிறது. அதுவரை சாச்சியின் வீட்டுக் கொல்லையில் போடுவாராம். மற்றப் பாதியைக் கலண்டர் தாளில் சரையாக மடித்து என்னிடம் தந்தார். எதுவும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை எனக்குத் தவணைப் பரீட்சை. உம்மும்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்து, அன்று பின்னேரமே தும்புச்சோற்றை ஊறவைத்தேன்.

அப்பாவின் கப்ரை அல்லாஹ் விசாலமாக்குவானாக. ஆமீன்.